ஞானஸ்நானத் தொட்டியில் கிடைச்ச அண்ணன்

எனக்கு ஒரு அண்ணன் உண்டு. எங்க அம்மா பெத்த பிள்ளை இல்ல. எனக்கு இருபத்துமூணு வயசு நடக்கும்போது, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், கோயில்ல ஞானஸ்நானத் தொட்டிப் பக்கத்துல கிடைச்ச அண்ணன். அதுக்கு முந்தின நாள் வரைக்கும் நான் கட்டிக்கிடப் போற ஆளு அவரு. இதை யார்ட்டயும் முழுசாச் சொன்னது கிடையாது. யாராவது தோண்டித் துருவிக் கேட்டா, "சவத்தை விடுங்க, பழைய கதை"ன்னு எந்திரிச்சுப் போயிருவேன். இப்பம் சொல்லுதேன். கோவம் இன்னும் ஆறல, அதனாலதான் சொல்லுதேன்.

ரெண்டாவது உலகச் சண்டை நடந்த வருசங்கள் அது. தூத்துக்குடியில அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில நிக்கணும். எங்க அப்பா தோணித் தண்டல். கொழும்புக்குச் சரக்கு ஏத்திப் போற தோணியில அவரு சொன்னதுதான் சட்டம். மாசத்துல பாதி நாள் கடல்லதான் இருப்பாரு. நான் கோயில் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல மூணாம் வகுப்பு டீச்சர். அடுத்த வீட்டுக்காரி ரெண்டாம் வகுப்பு டீச்சர். நாங்க ரெண்டு பேரும் ஒரே வருசத்துல பிறந்து, ஒரே பலகையில உக்காந்து படிச்சவங்க. ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருந்த கொல்லைச் சுவரு ஒரு இடத்துல இடிஞ்சு கிடக்கும். அதை யாரும் கட்டவே இல்ல, எங்களுக்காக. "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே புத்திதான்"னு எங்க அம்மா சொல்லுவா. அந்தப் புத்தி யார்கிட்ட இருந்துச்சுன்னு எனக்குப் பொறவுதான் தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமைப் பூசையில பாடுறது எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகதான். நாங்க ரெண்டு டீச்சரும் அதுகளைக் கட்டி மேய்ப்போம். ஆர்மோனியம் வாசிக்கிறது அவரு. ஹார்பர்ல ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீஸ்ல கிளார்க்கு வேலை. தெக்கே ஒரு கடற்கரை ஊர்ல இருந்து அம்மாவோட டவுனுக்கு வந்து குடியிருந்தாரு. அப்பா கிடையாது, கூடப் பிறந்ததும் கிடையாது. ஆபீஸ்ல காப்பியிங் பென்சிலால எழுதி எழுதி அவரு விரல் நுனியெல்லாம் ஊதாக் கலர்ல இருக்கும். ஆர்மோனியக் கட்டையிலயும் அந்த ஊதா ஒட்டியிருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் மாடியில பாட்டுப் பழக்கம். முதல் நாளே எனக்கும் அவருக்கும் சண்டை. நான் விறுவிறுன்னு பாடுவேன். அவரு இழுத்து இழுத்து வாசிப்பாரு.

"டீச்சர், பாட்டுப் பாடுதியளா, ரயிலப் பிடிக்க ஓடுதியளா?"

"நீங்க துருத்தி அமுக்குற வேகத்துக்குப் பாடினா, பூசை முடிஞ்சு சாமியார் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சிருவாரு."

பிள்ளைக கெக்கெக்கேன்னு சிரிச்சதுக. அவரும் சிரிச்சாரு. கோவப்படாத ஆம்பளையை நான் அதுவரைக்கும் எங்க வீட்டுல பார்த்தது இல்ல. அதுலதான் விழுந்தேன்னு நெனைக்கேன்.

ஒரு வருசம் இப்படியே போச்சு. பழக்கம் முடிஞ்சு பிள்ளைகளை அனுப்பிட்டு, நாங்க மூணு பேரும் மாடியில நின்னு கொஞ்ச நேரம் பேசிக்கிட்டிருப்போம். எந்தக் கப்பல் வந்திருக்கு, எந்தப் பிள்ளை பாடாம வாயை மட்டும் அசைக்குது, உபதேசியார் ஏன் எப்பவும் மூக்கைச் சிந்துதாரு, இதுதான் பேச்சு. அவ அவரை "அண்ணே, அண்ணே"ன்னு கூப்பிடுவா. நான் ஒண்ணும் சொல்லிக் கூப்பிட மாட்டேன். "இந்தாங்க"ன்னு சொல்லி நிறுத்திக்கிடுவேன். ஏன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சீனி கிடைக்காத காலத்துல அவரு ஒரு நாள் ரெண்டு மக்ரூன் கொண்டு வந்தாரு. பேக்கரிக்காரர் ஒருத்தர் தெரிஞ்சவராம். ஆளுக்கு ஒண்ணு குடுத்தாரு. அவ ஜன்னலைச் சாத்த அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, ஆர்மோனியத்தைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு.

"அடுத்த மாசம் திருவருகைக் காலம் பிறக்குது, கிறிஸ்மஸ் வரைக்கும் கல்யாணப் பேச்சு ஆகாது. மூணு ராசா திருநாள் கழியட்டும். அம்மாவை உங்க வீட்டுக்கு அனுப்புதேன். சம்மதம்தான?"

வாயில மக்ரூன். முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. தலையை மட்டும் ஆட்டினேன். அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனான்னு மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அம்மாட்ட சொல்லல. பெரியவங்க வந்து கேக்குறதுக்கு முன்னாடி பொண்ணு வாயால சொன்னா எங்க வீட்டுல வெட்டிப் போட்டிருவாவ. ஆனா இடிஞ்ச சுவரு வழியா அவகிட்ட சொன்னேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சா. "ஏளா, எனக்கு அப்பமே தெரியும்ளா"ன்னா. கண்ணெல்லாம் கலங்கிச்சு அவளுக்கு. சந்தோசம்னு நெனைச்சேன்.

நான் செஞ்ச முதல் தப்பு அதுக்கடுத்த வாரம். பள்ளிக்கூடத்து மதர் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர் ஒரு ஆம்பளையோட நின்னு பேசிக்கிட்டிருந்தா பிள்ளைக என்ன படிக்கும்?"னு கேட்டாவ. எனக்கு மானம் போச்சு. அன்னையில இருந்து பழக்கம் முடிஞ்ச உடனே இறங்கி வந்திருவேன். பாட்டு நோட்டை வாங்கவும் குடுக்கவும், ஏதாவது சேதி சொல்லவும் அவளைத்தான் அனுப்பினேன். அவதான் "அண்ணே"ன்னு கூப்பிடுதவளாச்சே, அவளை யாரு தப்பாப் பேசுவா? பூனையைப் பாலுக்குக் காவல் வெச்ச கூறுகெட்டவ நான்.

முதல்ல அவரு சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம வந்து சொல்லுவா. பொறவு பாதி சொன்னா. பொறவு, "ஒண்ணும் சொல்லல ளா, ஆபீஸ்ல வேலை சாஸ்தியாம்"னா. ஒரு நாள் அவ மணிக்கட்டுல ஊதாக் கறை. பள்ளிக்கூடத்துல நாங்க எழுதுறது சிவப்பு மசி. "என்னளா இது?"ன்னேன். "பாட்டு நோட்டுல பட்டிருக்கும்"னா. கேப்பையில நெய் வடியுதுன்னு சொன்னா கேக்குறவளுக்குப் புத்தி எங்க போச்சு? நம்பினேன்.

கார்த்திகை மாசம் அவ அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தா. குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்குள்ள ஞானஸ்நானம் குடுத்திருவாங்க. பெத்தவ தீட்டு கழியாம வீட்டுல கிடப்பா, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும்தான் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும். அவ சுவர்ப் பக்கம் வந்து நின்னா.

"நீதாம்ளா ஞானத்தாயா நிக்கணும். அக்கா ஆசைப்படுதா."

"ஞானத்தகப்பன் யாரு?"

"யாரா? ஆர்மோனியக்கார அண்ணன்தான்."

எனக்குக் காலு தரையில பாவல. மூணு ராசா திருநாளுக்கு முன்னாடியே பீடத்துக்கு முன்னால அவரு பக்கத்துல நிக்கப் போறேன். ராத்திரியோட ராத்திரியா பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் தைச்சேன். கழுத்துல லேசு வெச்சு.

அன்னைக்கு நடந்ததெல்லாம் அப்படியே ஞாபகம் இருக்கு. சாமியார் ஒரு துளி உப்பை எடுத்துப் பிள்ளை நாக்குல வெச்சாரு. அது மூஞ்சியைச் சுளிச்சுச்சு. "பசாசை விட்டுவிடுகிறாயா?"ன்னு பிள்ளைகிட்ட கேக்க, நாங்க ரெண்டு பேரும் அதுக்காகச் சேர்ந்து, "விட்டுவிடுகிறேன்"னோம். தண்ணி ஊத்தும்போது நான் பிள்ளையை ஏந்திக்கிட்டிருந்தேன், அவரு அது தோள் மேல கையை வெச்சிருந்தாரு. "பைய, தலையைத் தாங்கிக்கோங்க"ன்னாரு. ஆரம்பத்துல இருந்து முடியுற வரைக்கும் அவரு என் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கல. பிள்ளையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. எங்களுக்கும் இப்படி ஒண்ணு பிறக்கும், அதுக்கு அவரு சாயல் வந்தா நல்லதுன்னு நான் நெனைச்சுக்கிட்டேன். வெக்கங்கெட்ட நெனப்புதான்.

கிறிஸ்மஸ் போச்சு. மூணு ராசா திருநாளும் போச்சு. அவரு அம்மா வரல. அடுத்த சனிக்கிழமை அவரே, அவ பக்கத்துல இருக்கையிலயே, என்னை நிறுத்திச் சொன்னாரு. கண்ணு சிவந்திருந்துச்சு.

"அம்மா மாட்டேங்கா. ஒரே பிள்ளையைத் தொட்டியில சேர்ந்து ஏந்தினவங்க அண்ணன் தங்கச்சி முறையாம். எங்க ஊர்ல அதை மீறுனா குடும்பத்தையே தள்ளி வெச்சிருவாவ. எனக்கு அது தெரியாமப் போச்சு டீச்சர்."

எங்க வீடு ரெண்டு தலைமுறையா டவுனு. அப்படி ஒரு வழக்கத்தை நான் கேள்விப்பட்டதே இல்ல.

"சாமியார்ட்ட கேட்டியளா?"

"கேட்டேன். விக்கினம்தான்னு சொல்லிட்டாரு."

விக்கினம்னா கல்யாணத்துக்குச் சபை போடுற தடை. "பிஷப்புக்கு மனுப் போட்டா விலக்குக் குடுப்பாவளே"ன்னு கெஞ்சினேன். எனக்கு என்னைப் பத்தியே ஆச்சரியம், நான் யார்ட்டயும் கெஞ்சினது கிடையாது. "இதுக்குக் கிடைக்காதாம்"னு சொல்லிட்டு அவரு ஆர்மோனியத்தை மூடினாரு. அவ என்னைத் தாங்கிப் பிடிச்சு வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்தா. வழியெல்லாம் அவளும் அழுதா.

அம்மாட்ட கேக்கலாம்னா, எதுக்குக் கேக்கன்னு கேப்பா. சாமியார்ட்ட நானே போய்க் கேக்கலாம்னா, பொண்ணு கேட்டு வராத மாப்பிள்ளையைப் பத்திக் கல்யாணமாகாத டீச்சர் எந்த முகத்தோட கேப்பா? விழுங்கிட்டேன். சர்வேசுரன் விதிச்சது இவ்வளவுதான்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

மூணு வாரம் ஆகல. ஒரு மத்தியானம் அவ சுவர்ப் பக்கம் வந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. அவரு அம்மா அவங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தாவளாம்.

"எனக்கு இஷ்டமே இல்ல ளா. நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் மாட்டேன்னு சொல்லிருதேன்."

நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஆனா யாரைக் குத்தம் சொல்ல? சபைச் சட்டம். அவரும் பாவம், இவளும் பாவம். எங்கேயோ ஒருத்தி அவரைக் கட்டுறதுக்கு என் சிநேகிதி கட்டட்டுமேன்னு தோணிச்சு. "கட்டிக்கோ ளா"ன்னேன். அழுகையோட ஒரு கேலி வேற: "நான் அவருக்குத் தங்கச்சின்னா உனக்கு நாத்தனார். சீரு ஒழுங்கா வரணும்." அவ என் தோள்ல முகத்தைப் புதைச்சுக்கிட்டா.

அந்தக் கேலியை அவுக நெசமாக்கிட்டாவ. நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுச் சேலையைப் பொண்ணுக்கு உடுத்தி, தலையில பூ வைக்கிறது மாப்பிள்ளையோட தங்கச்சி செய்யிற முறை. அவருக்குத் தங்கச்சி கிடையாது. "ஞானத் தங்கச்சி இருக்காளே"ன்னு அவரு அம்மாவே வந்து என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாவ. சேலைக் கொசுவத்தை நான்தான் மடிச்சுச் சொருகினேன். பிச்சிப்பூவை நான்தான் வெச்சேன். ஊரே என்னைப் பாராட்டிச்சு, என்ன மனசு இந்தப் பிள்ளைக்குன்னு. எனக்கும் என்னைப் பத்திக் கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, சொல்லுறதுக்கு என்ன.

சாம்பல் புதன் வந்துட்டா ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. அதனால அவசர அவசரமா ஓலை வாசிச்சாவ. மூணு ஞாயித்துக்கிழமை பூசையில, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்கன்னு சாமியார் வாசிப்பாரு. ரெண்டு ஓலை முடிஞ்சுது.

மூணாவதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் அவ அக்கா என்னை ஒரு வேலையா அனுப்பினா. ரேஷன் கார்டுல குழந்தை பேரைச் சேர்க்க ஞானஸ்நானச் சீட்டு வேணும். ஞானத்தாய் நீதானே, போய் வாங்கிட்டு வான்னா. சாமியார் பங்களாவுக்குப் போய்த் தோத்திரம் சொல்லி நின்னேன். அவரு பெரிய ரிஜிஸ்தரைத் திறந்து, எங்க ரெண்டு பேரு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருந்த வரியில விரலை வெச்சாரு. வெச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு.

"நான் வேற மாதிரி நெனைச்சேன், மகளே."

"என்ன சாமி?"

"இந்த ஞானஸ்நானம் நடந்த மறுநாளே அந்தத் தம்பி வந்துச்சு. தொட்டியில சேர்ந்து நின்னவங்க கட்டிக்கிடலாமா, விக்கினம் உண்டான்னு கேட்டுச்சு. அப்படி ஒரு சட்டமும் கிடையாது, தாராளமாக் கட்டிக்கிடலாம்னு சொன்னேன். நெசமாவான்னு ரெண்டு தரம் கேட்டுச்சு. உன்னைத்தான் மனசுல வெச்சுக் கேக்குன்னு நான் நெனைச்சேன். பார்த்தா வேற பிள்ளைக்கு ஓலை வாசிக்கச் சொல்லுதாவ."

சீட்டை வாங்கினேன். "தோத்திரம் சாமி"ன்னேன். படி இறங்கினது ஞாபகம் இல்ல. கடற்கரை ரோட்டுல நடந்து போய்க்கிட்டே இருந்தேன். உப்பு மூட்டை ஏத்தி வந்த வண்டிக்காரர், "ஏ தாயி, விலகு"ன்னு சத்தம் போட்ட பொறவுதான் எங்கன நிக்கேன்னு தெரிஞ்சுது.

பொய். அவரு கண்ணு சிவந்து நின்னது, ஆர்மோனியத்தை மூடினது, எல்லாம் பொய். நான் சர்வேசுரன் விதிச்சதுன்னு தூக்கிச் சுமந்தது ஒரு கிளார்க்கு சொன்ன பொய்.

மூணாவது ஓலை. நான் மாடியில பிள்ளைகளோட நிக்கேன். அவரு எனக்கு ரெண்டடி தள்ளி ஆர்மோனியத்துக்கு முன்னால. கல்யாணப் பொண்ணு கீழே முன் வரிசையில முக்காடு போட்டு உக்காந்திருக்கா. சாமியார் பேரை வாசிச்சு, விக்கினம் தெரிஞ்சவங்க மறைக்காம வந்து சொல்லணும்னாரு. வாசிச்சுட்டுத் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தாரு. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. ஆனா என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சதே விக்கினம் ஒண்ணும் இல்லைங்கிறதுதான். அதை எழுந்து நின்னு சொல்லச் சொல்லி எந்தச் சாமியாரும் கேக்க மாட்டாரு.

குனிஞ்சு அவரு காதுல மட்டும் சொன்னேன்.

"விக்கினமே கிடையாதாம், அண்ணே."

அவரை நான் அண்ணேன்னு கூப்பிட்டது அந்த ஒரு தரம்தான். அடுத்த பாட்டுக்கு அவரு கை ஆர்மோனியத்து மேல இருந்துச்சு, சத்தம் வரல. துருத்தியை அமுக்க மறந்துட்டாரு. கீழே எல்லாரும் திரும்பிப் பார்த்தாவ. நானே பிள்ளைகளுக்கு எடுத்துக் குடுத்துப் பாடினேன், என் வேகத்துல, விறுவிறுன்னு. அவரு கடைசி வரைக்கும் வாசிக்கல.

அன்னைக்கு மத்தியானமே அவ சுவர்ப் பக்கம் ஓடி வந்தா. அவரு சொல்லியிருப்பாரு. நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன்.

"ஏளா, உனக்குத் தெரியுமா தெரியாதா?"ன்னேன்.

இடிஞ்ச சுவரு விளிம்பை நகத்தால சுரண்டினா.

"தொட்டியில ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா அண்ணன் தங்கச்சின்னு உங்க அம்மா ஊர்லயும் உண்டுதான? உங்க அம்மாவும் தெக்கேதான? தெரிஞ்சுதான் என்னைக் கூப்பிட்டியா?"

"தெரியும்"னா.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியேளா, பாவி! ஒரு பச்சைப் பிள்ளையை வெச்சா? நேரா வந்து, எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு, அவருக்கு என்னைப் பிடிச்சிருக்குன்னு சொல்லியிருந்தா நான் உன்னைக் கொன்னா போட்டிருப்பேன்?"

"கத்தாத ளா. உன் மனசு நோகக் கூடாதுன்னுதான். உன்கிட்ட மாத்திச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்ல. சபைச் சட்டம்னா நீ கோவப்பட மாட்ட, யாரு மேலயும் வருத்தம் வராதுன்னு..."

"நான் சாமியார்ட்ட போய்க் கேட்டிருந்தா?"

"அவரும் அதுக்குத்தான் பயந்தாரு. அதனாலதான் முந்திப் போய்க் கேட்டுட்டு வந்தாரு. சாமியார் அப்படி ஒண்ணும் இல்லைன்னதும் ஆளு ஆடிப் போயிட்டாரு. நான்தான் சொன்னேன், அவ கேக்க மாட்டா, மானத்துக்குப் பயந்தவன்னு."

இருபது வருசம் என்னோட ஒரே பலகையில உக்காந்தவ. என் மானம் எவ்வளவு தூரம் போகும்னு அளந்து வெச்சிருந்திருக்கா. கையில இருந்த ஈரத் துணியை அவ மூஞ்சியில வீசினேன். அவ துடைச்சுக்கிடக்கூட இல்ல.

"அக்கா ஆசைப்படுதான்னு சொன்னியே, அதும் பொய்தானா? அந்த யோசனை யாரோடது?"

அவ கீழே விழுந்த துணியை எடுத்து உதறிச் சுவரு மேல போட்டா.

"அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. அவருதான் உன் பேரைச் சொன்னாரு"ன்னா.

அப்பா அடுத்த தடவை கொழும்புல இருந்து வந்ததும் முதல் வேலையா அந்தச் சுவரைக் கட்டச் சொன்னேன். ஏன்னு கேட்டாரு. பன்றி வருதுன்னேன். கல்யாணத்துக்கு நான் பாடவும் இல்ல, போகவும் இல்ல. அந்த ஞானப்பிள்ளை மட்டும் வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு என் வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டு ஆசீர் கேக்கும். அது என்ன பாவம் செஞ்சுது? நெத்தியில சிலுவை போட்டு அனுப்புவேன். அது அடுத்து அவரு வீட்டுக்குப் போகும், ஞானத்தகப்பனாச்சே.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தொட்டி ஞாபகம் வரும். பைய, தலையைத் தாங்கிக்கோங்கன்னாரு. அவ்வளவு நேரத்துல ஒரு தரம்கூட அவரு என் முகத்தைப் பார்க்கல. நான் அதை வெக்கம்னு நெனைச்சேன்.